ஜல்லிக் கோடு

என் தங்கச்சியை நான் மூன்று முறை அடித்தேன். சின்ன வயதில் மாங்காய்க்கும் மிட்டாய்க்கும் அடித்துக்கொண்டதைச் சொல்லவில்லை, அது எல்லார் வீட்டிலும் உண்டு. அவளுக்கு முப்பது வயது கடந்து, புருஷனைப் பறிகொடுத்து, என்னை நம்பி என் வீட்டில் வந்து இருந்தபோது அடித்ததைச் சொல்கிறேன். மூன்றும் ஈஸ்டருக்கு முந்தின ஒரே தவசு காலத்தில் நடந்தவை. விபூதிப் புதனன்று கோயிலில் நெற்றியில் வைத்த சாம்பல் உதிர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றுக்கும் காரணம் என் மகள். அப்போது அவளுக்கு நாலு வயது. அத்தையின் நோய் பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான் என் மண்டைக்குள் இருந்தது. நியாயம் பேச வரவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் விராலிமலைக்கும் ஆவூருக்கும் இடையில் இருக்கிறது. நான் கல் கிரஷரில் வேலை பார்க்கிறேன். எனக்குக் கை முதலில் போகும், வாய் அதற்குப் பின்னால் வரும், புத்தி சாவகாசமாக மறுநாள் வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் பெண்டாட்டி ஜாடையாகச் சொல்வாள். ஜாடையாகத்தான் சொல்வாள், நேரே சொல்ல அவளுக்கும் பயம்.

இதே கைதான் தங்கச்சியை வீட்டுக்குக் கூட்டி வந்தது. அவள் புருஷன் லாரி டிரைவர். எச்.ஐ.வி. இருந்ததை மறைத்தே செத்துப்போனான். முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் இலுப்பூர் பக்கத்திலிருந்த மாமியார் வீட்டில் அவளுடைய துணிமணி, பாத்திரம் எல்லாவற்றையும் தெருவில் வைத்துவிட்டார்கள். சேதி கேட்டுப் போனேன். அவள் கொழுந்தன் வாசலில் நின்றபடி ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று முழுதாகக் கேட்கவில்லை, அதற்குள் அவனுடைய முன்பல் போய்விட்டது. தங்கச்சியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஊரில் ஒருத்தன் 'எய்ட்ஸ்காரி' என்றான், அவனையும் அடித்தேன். அதற்கப்புறம் யாரும் என் காதுபட எதுவும் சொன்னதில்லை.

அவளுக்கும் அந்தக் கிருமி இருந்தது. மாதத்துக்கொரு முறை புதுக்கோட்டைக்குப் போய் மாத்திரை வாங்கி வருவாள். ஒரு நாள் தவறாமல் போடுவாள். இரண்டு வருஷத்தில் உடம்பு தேறி, நூறு நாள் வேலைக்குப் போய், என் மகளையும் அவளே வளர்த்தாள். பிள்ளை ஆத்தாளிடம் இருந்ததைவிட அத்தை இடுப்பில் இருந்ததுதான் அதிகம். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன், பயப்படவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்தே எனக்கு இருமல் இருந்தது. கிரஷரில் இருமாதவன் ஆபீசில் உட்கார்ந்திருப்பவன் மட்டும்தான். ஜல்லி உடையும்போது கிளம்பும் மாவுத்தூசி காது, மூக்கு, சோற்றுத்தூக்கு என்று எல்லாவற்றிலும் இறங்கும். அதற்கு எங்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. வேலை முடிந்ததும் ஒரு கட்டி வெல்லத்தை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும், தூசி கரைந்து வயிற்றுக்குப் போய்விடும். மேஸ்திரி முதல் லோடுமேன் வரை எல்லாரும் இதைச் செய்வோம். எனக்கு இருமல் கூடக் கூட வெல்லத்தையும் கூட்டினேன்.

தவசு காலம் வந்ததும் உடம்பு மெலிந்தது. நான் ஒவ்வொரு வருஷமும் நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பவன், ஒருவேளைச் சாப்பாடுதான். இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. 'இந்த வருஷம் தபசு பலமா இருக்குய்யா' என்று கோயிலில் பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. கல்தூசியால் இருமல், ஒருசந்தியால் மெலிவு, சாயங்காலம் வரும் காய்ச்சல் வெயிலால். ஒவ்வொன்றுக்கும் கையில் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

எங்கள் தெருவில் தவசு காலத்தில் வீட்டுக்கொரு நாளாக ஜெபக் கூட்டம் நடக்கும். பாட்டு எடுத்துக் கொடுப்பவன் நான்தான். அந்த மாதங்களில் பக்கத்து ஊர்களில் எல்லாம் மாரியம்மன் திருவிழா, ரேடியோ செட் அலறும். அதனால் நாங்கள் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு பாடுவோம். பத்துக்குப் பத்து அறையில் இருபது பேர் முட்டியோடு முட்டி இடித்து உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நான் நெஞ்சு வெடிக்கப் பாடுவேன், இருமுவேன், மறுபடி பாடுவேன்.

தவசு தொடங்கும் முன்பே தங்கச்சிக்கும் காய்ச்சல் வந்திருந்தது. இருமல் இல்லை. காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு கட்டி எழும்பியது. ஆஸ்பத்திரியில் இரண்டு முறை சளி கேட்டார்கள், அவளுக்குச் சளியே வரவில்லை, வந்த எச்சிலில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்து டிபி என்றார்கள். அந்தச் சீட்டை அவளே கொண்டுவந்து அடுப்படியில் என்னிடம் நீட்டினாள்.

"அண்ணே, டிபியாம். ஆறு மாசம் மாத்திரை போட்டாச் சரியாயிருமாம்" என்றாள்.

பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது. நான் பிள்ளையைப் பிடுங்கிய வேகத்தில் அதன் வளையல் உடைந்து அத்தை கையைக் கீறியது. "எத்தன நாளாத் தெரியும், நாயே" என்று கேட்டுக்கொண்டே அறைந்தேன். அவள் தண்ணீர்ப் பானை மேல் விழுந்தாள். எச்.ஐ.வி. தொட்டால் ஒட்டாது, டிபி மூச்சில் பரவும், இது எனக்குத் தெரியும். பாதி தெரிந்தவன் கையில்தான் பயம் ஆயுதமாகிறது. அன்றைக்கே அவளுடைய பாயையும் தட்டையும் தூக்கிக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் வறண்ட கிணற்றடியில் சும்மா கிடந்த மோட்டார் ரூமில் எறிந்தேன்.

மறுநாள் கிரஷரிலிருந்து இரண்டு சாக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி கொண்டுவந்து வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவில் கோடாகக் கொட்டினேன். தங்கச்சியிடம், "இதத் தாண்டி இங்கிட்டு வந்த, கால ஒடிச்சிருவேன்" என்றேன். மகளை அந்த இடத்துக்கே கூட்டி வந்து, குனிந்து, அவள் கையைப் பிடித்து ஒரு கல்லைத் தொடவைத்துச் சொன்னேன்: "ஆத்தா, இந்த ஜல்லியத் தாண்டக் கூடாது. தாண்டுனா அடி விழும்."

பத்து நாள்கூடப் பிள்ளை தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் நான் வேலை விட்டு வரும்போது அது மோட்டார் ரூம் வாசலில் அத்தை மடியில் உட்கார்ந்து புளியங்கொட்டை விளையாடிக்கொண்டிருந்தது. என் வீட்டில் கன்வேயர் பெல்ட்டில் வெட்டிய ஒரு துண்டு ஆணியில் தொங்கும், ரப்பருக்குள் கித்தான் வைத்துத் தைத்தது. எடுத்துக்கொண்டு போனேன். தங்கச்சி பிள்ளையை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தான் குனிந்துகொண்டாள். முதுகில் நாலு விழுந்தது. ஐந்தாவதைப் பிள்ளையின் கெண்டைக்காலில் போட்டேன். ஒன்றே ஒன்றுதான். பட்டையாகத் தடித்துவிட்டது. பிள்ளை அழவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்தது.

அன்றும் பிள்ளையை என் நெஞ்சின் மேல் போட்டுத்தான் தூங்கவைத்தேன். பிறந்ததிலிருந்து அதற்கு அப்படித்தான் பழக்கம். நான் இருமும்போது குலுங்கும், தட்டிக்கொடுப்பேன்.

தவசின் நாலாவது வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து டிபி வேலை பார்க்கிறவர் பைக்கில் வந்தார். என்னைவிடச் சின்னவர், ஒல்லி. மோட்டார் ரூமுக்குப் போய்த் தங்கச்சியிடம் பேசிவிட்டு, பை நிறைய சளி டப்பாக்களோடு ஜல்லியைத் தாண்டி என் வாசலுக்கு வந்தார்.

"சார், வீட்ல இருக்க எல்லாரும் சளி குடுக்கணுங்க. பாப்பாவுக்குத் தனியாப் பாக்கணும்" என்றார்.

"நோயி அங்கிட்டு இருக்கு, இங்கிட்டு எதுக்கு வாரீங்க?"

"அவங்களுக்கு வந்தது கழுத்துக் கட்டிங்க. அது அடுத்தவங்களுக்குப் பரவாது. ஆனா அவங்களுக்கு யாரோ குடுத்திருக்காங்கள்ல."

என் பெண்டாட்டி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டிபிக் கிருமி நம்ம எல்லார் நெஞ்சுக்குள்ளயும் போயி ஒக்காரலாம்ங்க. பலமான ஒடம்பு அதப் பூட்டி வச்சிரும். எச்.ஐ.வி. இருக்கவங்களுக்கு அந்தப் பூட்டு தளந்துபோயிருக்கும். அதனால வீட்டுக்குள்ள யாருக்கோ இருந்தா, மொதல்ல சாயுறது அவங்கதான். மொதல்ல சாஞ்சவங்கதான் குடுத்தவங்கனு ஊர்ல நெனச்சிக்கிறாங்க. பல வீட்ல அது தலைகீழுங்க." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எத்தன நாளா இருமுறீங்க?" என்றார்.

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூக்கும் வாயும் சேர ஒரு குத்து விழுந்தது. ஜல்லிக் கோட்டின் மேல் மல்லாந்தார். உதடு கிழிந்து, பல்லெல்லாம் ரத்தம். பைக்கையும் உதைத்துத் தள்ளினேன், கண்ணாடி நொறுங்கியது. டப்பாக்கள் நாலா பக்கமும் உருண்டன. அவர் எழுந்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு, கையில் அகப்பட்ட டப்பாக்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு பைக்கைத் தள்ளிக்கொண்டே போனார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஆறாத கோபத்தோடு மோட்டார் ரூமுக்குப் போனேன். என்னைக் காட்டிக்கொடுத்தது இவள்தான் என்று தோன்றியது. தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தேன். கட்டி இருந்த கழுத்தில் என் கை பட்டதும் துடித்துப்போனாள். "என்னையவா சொல்ற? ஒனக்குச் சோறு போட்டவனயா சொல்ற?" என்று மிதித்தேன். அவள் மண்ணில் கிடந்தபடியே, "அண்ணே, ஒரு தடவ துப்பிக் காட்டு. ஒண்ணும் இல்லைனு வந்தா அப்புறமா என்னைய அடி, நான் வாங்கிக்கிறேன்" என்றாள்.

உள்ளே மாடக்குழியில் அவளுடைய மாத்திரைகள் இருந்தன. எச்.ஐ.வி.க்கு ஒரு டப்பா, டிபிக்கு அட்டை அட்டையாக. அத்தனையையும் துண்டில் மூட்டை கட்டி எடுத்துப் போய்ப் பழைய குவாரிக் குழியில் வீசினேன். அறுபதடி ஆழம், அடியில் பச்சைத் தண்ணீர். டப்பா கொஞ்ச நேரம் மிதந்து பிறகு முங்கியது. அவளுடைய உயிர் அதில்தான் இருந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வீசினேன்.

மறுநாள் வீங்கிய முகத்தோடு, மறுபடி மாத்திரை வாங்க, அவள் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனாள். அங்கே நடந்ததை அந்த டிபி வேலைக்காரர்தான் வெகுநாள் கழித்துச் சொன்னார். முகத்தைப் பார்த்துவிட்டு, போலீசில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "அப்புறமா எழுதித் தாரேன். இப்ப பிடிச்சுட்டுப் போனீங்கனா வீம்புக்குன்னே துப்ப மாட்டான். அவன் நெஞ்சுலதான் பிள்ள தூங்குது. மொதல்ல சளி எடுங்க" என்றாளாம்.

இரண்டு நாள் கழித்துக் கிரஷரில் வேலை முடிந்து வெல்லத்தை வாயில் போட்டேன். நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டு ஒரு இருமல் வந்தது, கட்டி வெளியே விழுந்தது. உள்ளங்கையில் வெல்லமும் ரத்தமும் கலந்து கிடந்தன. பக்கத்தில் நின்ற லோடுமேன் பார்த்துவிட்டு, "ஈறு புண்ணாண்ணே?" என்றான். ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்து கைலியில் துடைத்ததைப் பெண்டாட்டி பார்த்துவிட்டாள்.

விடிந்ததும் கண்ணைத் திறந்தேன். பெண்டாட்டி என் தலைமாட்டில் நின்றாள். ஒரு கையில் ஜல்லியில் உருண்டு போன சளி டப்பா. இன்னொரு கையில் கருவேலம் முள் வெட்டும் அரிவாள். பிள்ளையை என்னிடமிருந்து எடுத்து மூலையில் படுக்கவைத்திருந்தாள்.

"துப்புங்க" என்றாள்.

"என்னடி இது?"

"நீங்க ஒங்க தங்கச்சிய அடிச்சப்பல்லாம் கதவுக்குப் பின்னாடியே நின்டேன். அந்தப் பாவம் எனக்கும் இருக்கு. இன்னைக்கு அப்படி நிக்க மாட்டேன். எம்மக எந்திரிக்கிறதுக்குள்ள துப்புங்க. இல்ல, ரெண்டுல ஒண்ணு பாத்துருவேன்."

அரிவாள் முனை என் தொண்டைக்குழியில் இருந்தது. எழுந்து உட்கார்ந்து, இருமி, அடி நெஞ்சிலிருந்து இழுத்துத் துப்பினேன். மூடியைத் திருகிக்கொண்டு, முகம்கூடக் கழுவாமல் முதல் பஸ்ஸில் விராலிமலைக்குப் போனாள்.

மறுநாளே முடிவு வந்தது. உதட்டில் தையலோடு அதே மனுஷர்தான் கொண்டுவந்தார். என் சளியில் கிருமி நிறைய இருந்தது. "கல்தூசி நெஞ்சை ஏற்கனவே அரிச்சிருக்கும்ங்க, அதுல டிபி சுளுவா ஒக்காந்துக்கும். மாசக்கணக்கா நீங்கதான் குடுத்துட்டு இருந்திருக்கீங்க" என்றார். குரலில் பழி தீர்க்கும் தொனி இல்லை. மாத்திரையைக் கையில் கொடுத்து, தன் முன்னாலேயே விழுங்கச் சொன்னார்.

பிள்ளையின் முன்கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்து தடித்தது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. கிருமி உள்ளே போயிருக்கிறது, இன்னும் நோயாகவில்லை, ஆகாமலிருக்க ஆறு மாதம் மாத்திரை போட வேண்டும் என்றார்கள். கெண்டைக்காலில் நான் போட்ட தழும்பு அப்போதுதான் மங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கையில் இன்னொன்று. இரண்டும் அப்பன் கொடுத்தவை.

"டாக்டர் சொல்ற வரைக்கும் நீங்க தனியாப் படுக்கணும், பாப்பா ஒங்க பக்கத்துல இருக்கக் கூடாது" என்றார் அவர். எங்கள் வீட்டில் அறை என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். பெண்டாட்டி பாயைச் சுருட்டினாள், பிள்ளையைத் தூக்கினாள், ஜல்லியைத் தாண்டி மோட்டார் ரூமுக்குப் போய்விட்டாள். தங்கச்சி எழுந்து இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். என் பிள்ளைக்கு உலகத்தில் பத்திரமான இடம் நான் துரத்தியவளின் மடிதான் என்று ஆகிவிட்டது. நான் வீட்டு வாசலில் மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர்களையும் பரிசோதித்தார்கள். எப்போதும் எனக்குப் பக்கத்தில் உட்காரும் ஒரு பெரியவருக்கும், பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணுக்கும் டிபி இருந்தது. தெருவுக்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எய்ட்ஸ்காரி கொண்டுவந்த சீக்கு. அவள் ஒரு நாள்கூட அந்தக் கூட்டத்துக்கு வந்ததில்லை, நாங்கள் சேர்த்ததே இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது வெறும் பேச்சில்லை, என் கொல்லையில் நடந்தது.

குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து ஏழெட்டுப் பேர் நேராக மோட்டார் ரூமுக்கு வந்தார்கள். கையில் மந்திரித்த குருத்தோலை அப்படியே இருந்தது. "காலி பண்ணிட்டுப் போ" என்று ஒருவன் கத்தினான். தங்கச்சி வாசலை மறித்து நின்றாள், உள்ளே என் பெண்டாட்டியும் பிள்ளையும். ஒருவன் குனிந்து என் கோட்டிலிருந்தே ஒரு ஜல்லியை எடுத்து வீசினான். அவள் புருவத்தில் பட்டு ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அடுத்தவனும் குனிந்தான். கல் கைக்கு எட்டும் இடத்தில், வாகாக, வீசுகிற அளவில் கிடந்தது. கொண்டுவந்து கொட்டியவன் நான்.

ஓடினேன். பத்தடி ஓடியதும் மூச்சு வாங்கியது. கல் வீசியவன் கழுத்தைப் பிடித்தேன், பழைய பலம் இல்லை, ஒரே தள்ளில் கீழே விழுந்தேன். விலாவில் மிதித்தார்கள். மிதிக்கும் கால்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "நான்தான்டா. எனக்குத்தான்டா டிபி. பாட்டுப் பாடிப் பாடி நான்தான்டா ஒங்களுக்குக் குடுத்தேன். அவளுக்கும் நான்தான் குடுத்தேன்" என்றேன். நம்பவில்லை. தங்கச்சியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்றார்கள். சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்து நீட்டினேன். ஒருவன் வாங்கிப் படித்தான். படித்ததும் சீட்டைக் கீழே போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். கூட்டம் என்னைவிட்டு விலகி நின்றது. பிறகு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

தங்கச்சி புருவத்தில் முந்தானையை அழுத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மன்னிச்சிரு ஆத்தா" என்றேன். "மாத்திரை போட்டியா?" என்றாள். போட்டேன் என்றேன். "நாளைக்கும் போடு" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். கல்வீச்சில் கோடு கலைந்து கிடந்தது. ஜல்லி கொல்லை முழுக்கச் சிதறியிருந்தது. என் மகள் தனியாக, பாவாடையை மடியாகக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி வந்து பழையபடியே வரிசையாக வைத்துக்கொண்டிருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இடைவெளி விழுந்த இடத்தில் மட்டும் குந்தி உட்கார்ந்து இன்னொரு கல்லைச் செருகியது.

ஒரு வாரமாகத் தூக்காத பிள்ளை. துணியை மூக்குக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நடந்தேன். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது அது நிமிர்ந்தது. பயந்த மாதிரி தெரியவில்லை. எனக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, ஒரு கல்லைத் தொட்டுக் காட்டிச் சொன்னது.

"அப்பா, ஜல்லியத் தாண்டாத. தாண்டுனா அடி விழும்."